ஒரு சொட்டு ரத்தமும் ஒரு கையெழுத்தும்

(விருதுநகர் மாவட்டம், மகாராஜபுரத்தில் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்காக நடைபெற்ற கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



84 என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறேன். தேர்ச்சி விழுக்காட்டில் முதலிடம் பிடித்துப் பழகிய மாவட்டம் நம்முடையது. 2021ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் வேறொரு பட்டியலிலும் நாம் முதலிடத்துக்கு வந்தோம். தமிழ்நாடு அரசின் பொது சுகாதாரத் துறை மூன்றாவது முறையாக நடத்திய கொரோனா எதிர்ப்பொருள் ஆய்வின் முடிவு அது. மாநிலம் முழுவதும் 26,610 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். 17,624 பேரின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தது. விழுக்காட்டில் 66.2. மாவட்ட வாரியாகப் பார்த்தால் விருதுநகர் 84, பக்கத்துத் தென்காசி 83, சென்னை 82. ஈரோடு 37 விழுக்காட்டோடு கடைசியில் இருந்தது.

இந்த 84 நல்ல மதிப்பெண்ணா, மோசமான மதிப்பெண்ணா என்று அப்போது ஆசிரியர் ஓய்வறைகளில் ஒரு விவாதமே நடந்தது. "நம்ம ஊர்ல அவ்வளவு பேருக்கா வந்துட்டுப் போச்சு?" என்று சிலர் பயந்தார்கள். "இனிமே நமக்கு வராது சார்" என்று சிலர் முகக்கவசத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்கள். இரண்டு பேச்சுமே சரியில்லை. ஏன் சரியில்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால், அந்த எண் எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அது ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு வீட்டு வாசலில், யாரோ ஒருவர் கையை நீட்டியதில் பிறந்தது. இன்று நான் பேச வந்தது அந்த வாசலைப் பற்றித்தான்.

முதலில் சோதனையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். உயிரியல் எடுப்பவர்களுக்கு இது தெரிந்ததே. மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தார்களே, அது வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறதா என்று பார்ப்பது. ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடுவது வேறு. வைரஸ் வந்து போன பிறகு, அல்லது தடுப்பூசி போட்ட பிறகு, உடம்பு எழுதி வைத்த குறிப்பைத் தேடுவது அது. வகுப்பில் சொல்வதானால் ஒன்று ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று கதவைத் தட்டுவது, மற்றொன்று வருகைப் பதிவேட்டைப் புரட்டுவது. பதிவேட்டில் பெயர் இருப்பதால் ஆள் இப்போது உள்ளே இருக்கிறார் என்று ஆகாது. பெயர் இல்லாததால் அவர் வரவே இல்லை என்றும் ஆகாது, ஏனென்றால் இந்தப் பதிவேட்டின் மை நாளாக ஆக மங்கும். 2020 அக்டோபர், நவம்பரில் நடந்த முதல் சுற்றில் மாநிலத்தில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. 2021 ஏப்ரல் வாக்கில் நடந்த இரண்டாம் சுற்றில் அது ஏறவில்லை, இறங்கியே இருந்தது. மை மங்குவது தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. வைரஸின் மேற்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்ப்புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள், நோய் வந்தவருக்கும் இருக்கும், கோவிஷீல்டு போட்டவருக்கும் இருக்கும். உள்ளே இருக்கும் புரதத்துக்கு எதிரானது, நோய் வந்தவருக்கு இருக்கும், கோவிஷீல்டு மட்டும் போட்டவருக்கு இராது. கோவாக்சினில் முழு வைரஸையும் செயலிழக்கச் செய்து வைத்திருப்பதால் இரண்டும் வரலாம். ஆகவே 84 என்பதை "இத்தனை பேருக்கு நோய் வந்தது" என்று படிக்க முடியாது. "இனி வராது" என்றும் படிக்க முடியாது.

இனி வாசலுக்கு வருகிறேன்.

நூறு பேர் ரத்தம் கொடுத்தால் எழுபது லட்சம் பேரைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பேசலாம், அந்த நூறு பேரை நாம் தேர்ந்தெடுக்காமல் சீட்டு தேர்ந்தெடுத்திருந்தால். தமிழ்நாட்டு ஆய்வில் ஒரு தொகுப்புக்கு 30 பேர் என்று மாநிலம் முழுக்கத் தொகுப்புகளைப் பிரித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே, ஜூனில் நடத்திய முதல் தேசிய ஆய்வில் 70 மாவட்டங்கள், மாவட்டத்துக்கு 10 தொகுப்புகள், தொகுப்புக்கு 40 பேர். மொத்தம் 28,000. நம் மாநிலத்தில் சென்னை, கோயம்புத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்கள் இருந்தன. ஊரடங்குக் காலம். குழுவினர் வீடு வீடாகப் போனார்கள். ஒரு வீட்டில் ஒரு பெரியவர் மட்டும். யார் என்பதையும் குழு விருப்பப்படி முடிவு செய்யக்கூடாது.

இந்த விதியை ஏன் இவ்வளவு கறாராக வைத்தார்கள் என்பது நம் ஊரில் ஒரு நாள் நடந்து பார்த்தால் புரியும். காலை பத்து மணிக்கு மகாராஜபுரம் தெருவில் யார் இருப்பார்கள்? திண்ணையில் தாத்தா, பாட்டி. பால்வாடிக்குப் போகாத குழந்தை. தென்னந்தோப்புக்கும் மாந்தோப்புக்கும் போனவர்கள் போய்விட்டார்கள். ராஜபாளையம் மில்லுக்குப் போகிறவர், இரவு ஷிப்ட் முடித்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார். வாசலில் கிடைத்தவர்களிடம் மட்டும் ரத்தம் எடுத்தால் நமக்குக் கிடைப்பது திண்ணையின் விழுக்காடு. கூட்டத்தில் புழங்குகிறவர், பேருந்தில் போகிறவர், ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை அடிவாரத்தில் கடை போடுகிறவர் எல்லாம் விடுபட்டுப் போவார்கள். அதனால்தான் சீட்டில் விழுந்த ஆள் மாலையில் வருவார் என்றால் மாலையில் திரும்பிப் போக வேண்டும்.

வீட்டு வாசலில் எடுத்த ரத்தம் ஒரு நாட்டின் கணக்கையே திருத்திய கதை ஒன்று நம்மிடம் உண்டு. அதிகம் பேர் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 2006 வரை இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கிறார்கள் என்பதே அரசும் உலக அமைப்புகளும் ஏற்றிருந்த மதிப்பீடு. அது பெரும்பாலும் மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகள், பால்வினை நோய் சிகிச்சைக்கு வருவோர் போன்றவர்களின் ரத்தத்தை வைத்துப் போட்ட கணக்கு. 2005-06இல் நடந்த மூன்றாவது தேசிய குடும்ப நல ஆய்வில் முதன்முறையாக வீடுகளுக்கே போய் எச்.ஐ.வி. சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்தார்கள். 15 முதல் 49 வயதுள்ளோரில் தொற்று 0.28 விழுக்காடு என்று வந்தது. தமிழ்நாட்டில் 0.34. இதையும் சேர்த்துக் கணக்கிட்டு 2007இல் இந்தியாவின் மதிப்பீட்டை சுமார் 25 லட்சம் என்று திருத்தினார்கள். ஏறத்தாழ பாதி. மருத்துவமனைக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணுவதும் எல்லா வீடுகளிலிருந்தும் எண்ணுவதும் எவ்வளவு வேறுபடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ப்ளஸ் டூ புள்ளியியல் பாடத்தில் மாதிரியெடுத்தல் நடத்தும் ஆசிரியர்கள் இதை வைத்துக்கொள்ளலாம்.

அந்த ரத்தத்தை ஊசிக்குழலில் எடுக்கவில்லை. விரல் நுனியில் குத்தி, தடித்த வடிதாளில் சொட்டு விட்டு, காய வைத்து அனுப்பினார்கள். உலர் ரத்தச் சொட்டு என்று பெயர். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கத்ரி 1960களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி வடிதாளில் சேகரித்துப் பரவலாக்கிய முறை இது. எதிர்ப்பொருள் ஒரு புரதம். ஈரத்தில் கெடும், நன்றாக உலர்ந்துவிட்டால் நிற்கும். ஐஸ் பெட்டி இல்லாமல், சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் இல்லாமல், மலையடிவாரத்து ஊரிலிருந்தும் ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்.

செய்முறை எளிது, ஆனால் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. நடுவிரல் அல்லது மோதிர விரல். நுனியின் நட்டநடுவில் குத்தாமல் சற்றுப் பக்கவாட்டில் குத்துவார்கள், வலி குறைவு. கையைத் தொங்கவிட்டுச் சற்றே சூடேற்றினால் ரத்தம் தானாக வரும். முதல் சொட்டைத் துணியால் துடைத்துவிட வேண்டும், அதில் திசு நீரும் ஸ்பிரிட்டும் கலந்திருக்கும். (அந்தக் காயத்துணி சத்திரப்பட்டியில் நெய்ததாகவே இருக்கலாம். நம் மாவட்டத்துக்காரர்கள் நெய்த துணி எந்தெந்த நாட்டு விரலைத் துடைக்கிறதோ!) விரலைப் பிழியக்கூடாது, பிழிந்தால் மறுபடி திசு நீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும். சொட்டு வட்டத்துக்குள் தானாக விழுந்து பரவ வேண்டும், விரலைத் தாளில் தேய்க்கக்கூடாது. ஒரு சொட்டின் மேல் இன்னொன்று விழக்கூடாது. பிறகு வெயிலில் அல்ல, நிழலில், கிடையாக வைத்து நாலைந்து மணி நேரம் காய வேண்டும். ஈரம் உறிஞ்சும் சிறு பையோடு மூடிய உறையில் போட வேண்டும். ஊசி ஒருமுறைதான், அடுத்தவருக்குப் புது ஊசி.

கொரோனாக் காலத்தில் இதே வழியை இன்னும் ஒரு படி தள்ளிப் போனார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலில் பத்தாயிரம் தன்னார்வலர்களைக் கேட்டது. பலருக்குத் தபாலில் ஒரு பெட்டி போனது. அவர்களே வீட்டில் விரலைக் குத்தி, ரத்தத்தை உறிஞ்சும் சிறு குச்சியில் எடுத்துத் தபாலில் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆண்டு ஜூலை நடுவரை, கண்டறியப்பட்ட ஒவ்வொரு நோயாளிக்கும் கண்டறியப்படாதவர் ஏறத்தாழ ஐந்து பேர் இருந்திருக்கிறார்கள் என்று அந்த ஆய்வு சொன்னது. இங்கிலாந்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் ஒரு லட்சம் பேருக்கு மேல் வீட்டிலேயே விரல் குத்திப் பார்க்கும் பட்டையை அனுப்பி, நாட்டில் 6 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பொருள் இருப்பதாக 2020 கோடையில் கணக்கிட்டார்கள். நம் நாட்டில் செவிலியர் வீட்டுக்கு வருவதே நடைமுறை. அதுவே நமக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். விரலைக் குத்துவதைவிடக் கடினமான வேலை, எதற்காகக் குத்துகிறோம் என்று சொல்வது. அதைப் பெட்டி சொல்லாது.

சொல்லாமல் எடுத்த ரத்தமும் நம் வரலாற்றில் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில், 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதை ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். இங்கே அப்படி ஒரு நோயே இல்லை என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். காவல் இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடமிருந்து நிர்மலா ரத்தம் எடுத்தார். கையுறைகூட இல்லை. சோதனை செய்யச் சென்னையில் வசதியில்லாததால் மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, பிறகு இரவு ரயிலில் கணவரோடு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. நாட்டின் சுகாதார வரலாறு அன்று மாறியது. அந்தத் துணிச்சலை நாம் வகுப்பில் சொல்ல வேண்டும். கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்தச் சோதனைக்காக ரத்தம் எடுக்கப்படுகிறது என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. அந்தக் காலத்தில் அது யாருக்கும் உறுத்தவில்லை. இன்று அது முடியாது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெறாமல் அந்தச் சோதனை செய்யக்கூடாது. தொற்றைக் காரணம் காட்டி ஒரு குழந்தையைப் பள்ளியில் சேர்க்க மறுப்பதும் அதே சட்டப்படி தடைசெய்யப்பட்ட பாகுபாடுதான்.

இங்கேதான் நாம் வருகிறோம். சுகாதாரத் துறைக்காரர்கள் ஊருக்குள் வந்தால் முதலில் கேட்பது "எச்.எம். எங்கே?" என்பதைத்தான். தெருவில் நம்மை நம்புவார்கள். "டீச்சரே சொல்லிட்டாங்க" என்றால் கை நீளும். இது நமக்குப் பெருமை. ஆனால் எனக்கு இதில் ஒரு கவலையும் உண்டு. நம் பேச்சை மறுக்க முடியாதவர்களிடம் நாம் கேட்டு வாங்கும் சம்மதம், சம்மதமா? பிள்ளை நம்மிடம் படிக்கிறது. சான்றிதழில் நாம் கையெழுத்துப் போட வேண்டும். வேண்டாம் என்று சொல்ல ஒரு தாய்க்கு நாக்கு எழுமா? அதனால் என் கருத்து இதுதான்: விளக்கிச் சொல்லும் இடத்தில் ஆசிரியர் இருக்க வேண்டும், கையெழுத்து வாங்கும் இடத்தில் இருக்கக்கூடாது. படிவத்தைப் பிள்ளையிடம் கொடுத்து "நாளைக்குக் கையெழுத்து வாங்கிட்டு வா" என்று சுற்றுலாக் கட்டணம்போல் வசூலிக்கும் வழக்கம் இதற்கு ஆகாது.

குழந்தைகள் விஷயத்தில் விதி தெளிவாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி ஆய்வுக்கு ரத்தம் எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அதோடு 7 முதல் 12 வயதுக் குழந்தையிடம் வாய்மொழியாக, 12 முதல் 18 வயதினரிடம் எழுத்தில், அவர்களின் இசைவையும் பெற வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை "எனக்கு வேணாம்" என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பதே இதன் பொருள். தலைமையாசிரியர் அனுமதி, பள்ளி வளாகத்துக்குள் வருவதற்கான அனுமதி மட்டுமே.

ஒரு தெருவில் ஒரு பாட்டி கேட்டார், "எடுத்த ரத்தத்த என்ன பண்ணுவீங்க? எனக்குச் சீட்டு வருமா?" இரண்டு கேள்வியும் சரியான கேள்வி. எல்லா ஆய்விலும் முடிவு வீடு தேடி வராது. நான் சொன்ன குடும்ப நல ஆய்வில் எச்.ஐ.வி. முடிவு யாருக்கும் தரப்படவில்லை. பெயரைப் பிரித்துவிட்டு எண்ணை மட்டும் வைத்துச் சோதித்தார்கள். தன் நிலையை அறிய விரும்புபவர் இலவசச் சோதனை மையத்துக்குப் போகச் சீட்டு கொடுத்தார்கள். இதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் "ரத்தத்த வித்துட்டாங்க" என்ற பேச்சு மறுநாள் டீக்கடைக்கு வந்துவிடும். அந்தப் பேச்சு வந்துவிட்டால் அடுத்த தடவை தடுப்பூசிக்கும் கதவு திறக்காது.

சரி, சீட்டு வருகிறது என்று வையுங்கள். அதை எப்படிப் படிப்பது? கணித ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். தேசிய ஆய்வின் முதல் சுற்றில் பயன்படுத்திய சோதனை, புனே தேசிய வைராலஜி நிறுவனம் உருவாக்கியது. எதிர்ப்பொருள் உள்ள 100 பேரில் சுமார் 92 பேரைக் கண்டுபிடிக்கும். இல்லாத 100 பேரில் சுமார் 98 பேரைச் சரியாக "இல்லை" என்று சொல்லும். நல்ல சோதனைதானே? ஓர் ஊரில் 10,000 பேர், அவர்களில் உண்மையில் நோய் வந்துபோனவர் 100 பேர் என்று கொள்வோம். அந்த 100இல் 92 பேருக்கு "உண்டு" என்று வரும். மீதி 9,900 பேரில் நூற்றுக்கு இரண்டு என்று 198 பேருக்குத் தவறாக "உண்டு" என்று வரும். ஆக "உண்டு" என்ற சீட்டு வாங்கியவர் 290. அதில் 198 பேரின் சீட்டு பொய். அதே ஊரில் 6,000 பேருக்கு வந்துபோயிருந்தால்? 5,520 சரியான சீட்டு, 80 தவறான சீட்டு. சோதனை மாறவில்லை, ஊர்தான் மாறியிருக்கிறது. முதல் சுற்றில் "உண்டு" என்று வந்த மாதிரிகளை இன்னொரு வகைச் சோதனையிலும் போட்டுப் பார்த்தது இதற்காகத்தான். கடைசியில் நாடு முழுவதற்கும் அவர்கள் சொன்ன எண் 0.73 விழுக்காடு.

இதனால்தான் தனியாருக்குப் பணம் கட்டி வீட்டுக்கே வரவழைத்து ஆன்டிபாடி பார்த்துவிட்டு, "எனக்கு இத்தனை யூனிட் இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் போட்ட நண்பர்களைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ஓர் ஊரைப் பற்றிச் சொல்லத் தெரிந்த சோதனை, ஓர் ஆளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லாது.

ஆனால் ஊரைப் பற்றிச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது தேசிய ஆய்வில் முதன்முறையாக 6 முதல் 9 வயதுக் குழந்தைகளையும் சேர்த்தார்கள். 28,975 பேர். மொத்தத்தில் 67.6 விழுக்காடு. 6 முதல் 9 வயதில் 57.2, 10 முதல் 17 வயதில் 61.6. அப்போது நம் நாட்டில் குழந்தைகளுக்குத் தடுப்பூசியே தொடங்கவில்லை. அப்படியானால் பள்ளி மூடியிருந்தபோதே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தபடியே தொற்று வந்து போயிருக்கிறது. இந்த முடிவை வெளியிட்டபோதுதான் கழகத்தின் தலைவர் பல்ராம் பார்கவா, திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்றார். தமிழ்நாட்டில் 9 முதல் 12 வகுப்புகள் செப்டம்பர் 1, 2021 அன்றும், 1 முதல் 8 வகுப்புகள் நவம்பர் 1 அன்றும் திறந்தன. பத்தொன்பது மாதம் கழித்து ஒன்றாம் வகுப்புக் குழந்தை பள்ளியைப் பார்த்தது. திறப்பதற்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் "குழந்தைகளை அனுப்பலாமா" என்று கேட்ட பெற்றோரிடம் காட்ட நம் கையில் ஓர் எண் இருந்தது. யாரோ ஒரு ஆறு வயதுப் பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைக் கொடுத்ததால் வந்த எண்.

இனி ஒரு சிறு செய்முறை. ரத்தம் வேண்டாம், பீட்ரூட் சாறு கொண்டுவந்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு வடிதாள் துண்டு, பென்சிலில் போட்ட ஐந்து வட்டம், ஒரு சொட்டுக்குழாய். முதல் வட்டத்தில் ஒரே சொட்டு. இரண்டாவதில் சொட்டின் மேல் சொட்டு. மூன்றாவதில் சாற்றோடு பாதித் தண்ணீர், இது பிழிந்த விரல். நான்காவதில் தாளைத் தொட்டுத் தேயுங்கள். ஐந்தாவதை உங்கள் விருப்பம்போல் கெடுங்கள். மின்விசிறிக்கு அடியில் இல்லாமல், சன்னலோர நிழலில் வையுங்கள். தேநீர் முடிந்து வரும்போது, எந்த வட்டத்திலிருந்து ஆய்வகம் ஒரே அளவான துண்டை வெட்டி எடுக்க முடியும் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். சாறு அந்த மேசையில் இருக்கிறது, முன்வரிசையிலிருந்து வாருங்கள்.